கொள்வினையும் கொடுப்பினையும்

தமிழில் உறவைக் குறிக்கும் சொற்களைச் சற்று ஊன்றி நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். தந்தையின் அண்ணன் பெரியப்பா. தாயின் அக்காளை மணந்தவரும் பெரியப்பாவே. தாயின் தங்கை சித்தி. தந்தையின் தம்பி மனைவியும் சித்தியே. தாயின் உடன்பிறந்தவர் மாமா. தந்தையின் உடன்பிறந்தாளை மணந்தவரும் மாமா. தந்தையின் உடன்பிறந்தாள் அத்தை. மாமாவின் மனைவியைச் சில குடும்பங்கள் மாமி என்று பிரித்துச் சொன்னாலும், பல குடும்பங்களில் அவரும் அத்தைதான். ஒரே சொல்லை இரண்டு இடங்களில் ஏன் வைத்தார்கள்? சொல்லுக்கா பஞ்சம்?

அண்ணனும் தம்பியும் ஒரு வீட்டின் அக்காளையும் தங்கையையும் மணந்தால், பெரியப்பாவின் மனைவி இருவழியிலும் பெரியம்மாவாகவே இருப்பார். ஒரு வீட்டு அண்ணன் தங்கையும் மறு வீட்டுத் தங்கை அண்ணனும் மாற்றி மணந்துகொண்டால், மாமாவின் மனைவி அத்தையாகவும் அத்தையின் கணவர் மாமாவாகவும் தாமே அமைந்துவிடுவர். உடன்பிறந்தார் உடன்பிறந்தாரை மணப்பதையே இயல்பாகக் கொண்டு, அந்த அளவுக்கு வெட்டித் தைத்த சட்டையைப் போல இருக்கின்றன நம் உறவுச் சொற்கள். இதனை நாங்கள் எந்த இலக்கண நூலிலும் கற்கவில்லை. எங்கள் குடும்பத்தின் வம்ச விருட்சத்தைக் கணிப்பொறியில் பதிய முற்பட்டபோதுதான் கண்டுகொண்டோம்.

எங்கள் தந்தையார் வீடு மன்னார்குடிப் பக்கம். தாயார் வீடு கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூர். தந்தையார் வீட்டில் மூவர்: பெரியப்பா, அப்பா, அத்தை. தாயார் வீட்டிலும் மூவர்: அம்மா, அம்மாவின் தங்கை, மாமா. பெரியப்பா 1953இல் மத்திய அரசுச் செயலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்துத் தில்லிக்கு வந்தார். இரண்டாண்டு கழித்து அப்பாவும் வந்து சேர்ந்தார். 1958இல் ஒரே பந்தலில் இருவருக்கும் திருமணம். பெண் கொடுத்த வீடு ஒன்றே. மூன்று ஆண்டுகளில் எங்கள் அத்தையை அம்மாவின் அண்ணனுக்குக் கொடுத்தார்கள். பெண் எடுத்த வீட்டுக்கே பெண் கொடுத்தாயிற்று. ஆறு பேர், மூன்று திருமணங்கள். இரு வீட்டுப் பிள்ளைகளில் வெளியே மணம் செய்துகொண்டவர் ஒருவரும் இலர். இப்படிப்பட்ட குடும்பம் தில்லியில் எங்களுடையது மட்டுமன்று என்பதை லோதி காலனியிலும் ஆர்.கே.புரத்திலும் கரோல் பாகிலும் வாழ்ந்த பழைய தலைமுறையினர் நன்கறிவர்.

இம்மூன்று திருமணங்களிலும் பிறந்தோர் ஒன்பது பேர். இரு தாத்தாக்களுக்கும் இரு பாட்டிகளுக்கும் பேரப்பிள்ளைகள் அதே ஒன்பது பேர்தாம். ஆனால் கணிப்பொறி அச்சிட்டுத் தந்த படத்திலோ நாங்கள் பதினெண்மர் இருந்தோம்! தந்தைவழித் தாத்தாவின் கீழ் ஒன்பது கட்டங்கள். தாய்வழித் தாத்தாவின் கீழ் மீண்டும் அதே ஒன்பது. பற்றாக்குறைக்கு, பாட்டனார் பெயரைத் தாங்கிய பேரர் இருவர் எங்களுள் உண்டு. பெயரன் என்ற சொல்லே அதனால் வந்ததன்றோ? தலைப்பெழுத்து வேறானாலும் பெயர் ஒன்றென்பதால், "இவ்விருவரும் ஒருவர்தாமோ? இணைத்துவிடலாமா?" என்று பணிவுடன் வினவியது மென்பொருள். ஒன்பது பேரைப் பதினெட்டாக்கியதும் அதுவே. இருவரை ஒருவராக்க முனைந்ததும் அதுவே.

உள்ளே பதிவதில் பிழையில்லை. இத்தகைய மென்பொருள்கள் பலவும் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளப் பயன்படுத்தும் ஜெட்காம் என்னும் முறையை 1984இல் அமெரிக்காவின் மார்மன் திருச்சபையார் வகுத்தனர். அதன் ஏழாம் பதிப்பு 2021இல் வெளிவந்தது. அம்முறையில் ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் ஏடு. ஒவ்வொரு தம்பதிக்கும், அவர்தம் மக்களுக்கும் சேர்த்து ஓர் ஏடு. பெரியப்பாவும் அப்பாவும் அத்தையும் ஒரு குடும்ப ஏட்டில் மக்கள். அம்மாவும் தங்கையும் மாமாவும் மற்றோர் ஏட்டில் மக்கள். பிறகு மூன்று புதிய குடும்ப ஏடுகள். அவ்வளவே. யாரையும் இருமுறை எழுத வேண்டியதில்லை. இடர்ப்பாடு எழுவது படம் வரையும்போதுதான். மரத்தின் கிளைகள் பிரிந்து செல்லும், மீண்டும் கூடா. நம் குடும்பங்களோ பிரிந்த கிளைகள் கூடி, கூடியவை மீண்டும் பிரிந்து, ஆலின் விழுதுபோல் மண்ணில் இறங்குபவை. அதை மரமாகத்தான் வரைவேன் என்று அடம்பிடிக்கும் கருவி, ஒருவரை இரண்டு இடங்களில் நிறுத்துவதன்றி வேறென் செய்யும்?

இந்த இடர்ப்பாடு சோழப் பேரரசர்க்கும் உண்டு. முதலாம் இராசராசனின் மகள் குந்தவை வேங்கி நாட்டு விமலாதித்தனை மணந்தாள். அவர்கள் மகன் இராசராச நரேந்திரன், தன் தாய்மாமனாகிய முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்கையை மணந்தான். அவர்கள் மகனே 1070இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன். அவனும் தன் தாய்மாமனாகிய இரண்டாம் இராசேந்திரனின் மகள் மதுராந்தகியை மணந்தான். முன்னோர்க்கு எண் கொடுக்கும் முறை ஒன்றை 1590இல் ஐட்சிங்கர் என்னும் ஆஸ்திரிய அறிஞர் வெளியிட்டார்; இன்றும் மென்பொருள்கள் அதையே கையாளுகின்றன. தன் எண் 1. எவருடைய எண்ணையும் இரட்டித்தால் அவர் தந்தை. அதனோடு ஒன்று கூட்டினால் அவர் தாய். குலோத்துங்கனை 1 என்று வைத்து எண்ணிப் பாருங்கள்: தந்தைவழியில் செல்லும்போது இராசராசன் 10ஆம் எண்ணில் நிற்பான், தாய்வழியில் சென்றால் 12ஆம் எண்ணிலும் அவனே. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன் ஒருவன்தான். பட்டியலில் மட்டும் இருவர்.

ஆயின், படத்தில் கட்டங்கள் பெருகுவது பெருந்துன்பமன்று. உள்ளபடியே எங்களைத் திகைக்க வைத்தது வேறொன்று. தொடக்கத்தில் சட்டை அளவாகத் தைக்கப்பட்டது என்றோமல்லவா? எங்கள் வீட்டில் அது ஓரிடத்தில் பொருந்தவில்லை. சாதகப் பொருத்தம் பார்த்த சோதிடர், மூத்தவருக்கு இளையவளையும் இளையவருக்கு மூத்தவளையும் பொருத்தினார். ஆகவே, அம்மாவின் தங்கை அம்மா வழியில் எங்களுக்குச் சித்தி. பெரியப்பாவின் மனைவியாகையால் பெரியம்மா. பிறந்த வீட்டில் எங்கள் அம்மா மூத்தவர். புகுந்த வீட்டிலோ தம் தங்கைக்கு இளைய ஓரகத்தி. பூசையறை விளக்கை முதலில் ஏற்றும் உரிமையும், பண்டிகைக்கு முதல் புடைவை எடுக்கும் உரிமையும் தங்கைக்கே சென்றன. தில்லியில் நாங்கள் அவரைப் பெரியம்மா என்போம். கோடை விடுமுறைக்கு கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் ஏறி அம்மாவின் ஊருக்குச் சென்றால், அங்கே சித்தி. பாட்டி வீட்டில் மறந்துபோய்ப் பெரியம்மா என்றால், "அவ எப்படிடா பெரியவ ஆவா?" என்று பாட்டி அதட்டுவார்.

எண்பதைக் கடந்துவிட்ட அவரிடமே கேட்டோம்: எதை எழுதுவது? அவர் சிரித்துவிட்டு, "ரெண்டையும் எழுதுங்க. உங்க அம்மா விளக்கு ஏத்தற முறை வந்தப்போ என்னை முன்னாடி விட்டுட்டு, அடுப்பங்கரையிலே வந்து என் தலையிலே ஒரு குட்டு வெப்பா. அங்கே நான் பெரியவ, இங்கே அவ பெரியவ" என்றார். எந்தப் படிவத்திலும் இதற்குக் கட்டம் கிடையாது.

தலைநகரில் பிறந்து வளரும் எங்கள் பேரக் குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்குவதில்லை. அவர்கள் காதில் நாள்தோறும் விழுவது இந்தி. அம்மொழியில் தந்தையின் அண்ணன் தாவூ, அவர் மனைவி தாயி. தம்பி சாச்சா, அவர் மனைவி சாச்சி. தாயின் சகோதரி மௌசி, அவர் கணவர் மௌசா. தந்தையின் சகோதரி புவா, அவர் கணவர் பூபா. மாமா, அவர் மனைவி மாமி. ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சொல். அங்கே அண்ணன் தம்பிகள் அக்காள் தங்கையை மணந்தால், மௌசி என்பதா சாச்சி என்பதா என்று குழந்தை தேர்ந்தெடுத்தாக வேண்டும். தமிழ்க் குழந்தைக்குப் பெரும்பாலும் அந்தத் தேர்வே இல்லை. ஒரு மொழி உறவைப் பிரித்துக் காட்டுகிறது. மற்றொன்று சேர்த்துக் காட்டுகிறது. எது உயர்ந்தது என்பதன்று நம் வாதம். பெண் எடுக்கும் வழக்கம் மாறும்போது சொல்லும் மாறுகிறது என்பதே செய்தி. இவ்வியல்பைக் கண்டு வியந்த அமெரிக்க அறிஞர் லூயிஸ் ஹென்றி மார்கன், 1871இல் வெளியிட்ட தம் பெருநூலில் தமிழ் உறவுச் சொற்களைப் பட்டியலிட்டு, அவை அமெரிக்கப் பழங்குடியினராகிய இரோகுவாயரின் முறையை ஒத்திருப்பதை எடுத்துக்காட்டினார். பின்னர் 1953இல் பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன், இச்சொற்கள் திருமண உறவையே அடிப்படையாகக் கொண்டவை என்று விளக்கினார்.

எங்கள் பேத்தி ஒருத்தி ஒருநாள் கேட்ட கேள்வி எளிதானது போல் தோன்றினும் ஆழமானது. பெரியப்பாவின் மக்கள், அத்தையின் மக்கள் ஆகிய எல்லாருக்கும் மென்பொருள் ஒரே பெயர் சூட்டுகிறது: இரட்டை ஃபர்ஸ்ட் கசின். "எல்லாரும் ஒண்ணுதானே தாத்தா? அப்புறம் ஏன் இவரை அண்ணன்னும் அவரை அத்தான்னும் சொல்றீங்க?"

ஆங்கிலச் சொல் சொல்லாமல் விட்டதை அவள் பிடித்துவிட்டாள். பெரியப்பாவின் மக்கள் தந்தைவழியிலும் தாய்வழியிலும் எங்களுக்கு உடன்பிறந்த முறை. அவர்களோடு மணம் என்ற எண்ணமே எழாது. அத்தையின் மக்களோ இருவழியிலும் முறை மாப்பிள்ளை, முறைப்பெண். அத்தை மக்களும் அவர்களே, மாமன் மக்களும் அவர்களே. பாட்டன் பாட்டியர் நால்வரும் ஒன்றே, குருதியும் ஒன்றே, ஆயினும் நம் முறை ஒரு கதவைச் சாத்தி மறு கதவைத் திறந்து வைக்கிறது. வடபுலத்து நண்பர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமும் நெருங்கிய உறவில் மணத்தைத் தடுத்துவிட்டு, வழக்கம் இடந்தருமாயின் செய்துகொள்ளலாம் என்று விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கு இல்லையேல் நம் மாமன் மகள் திருமணங்களின் கதி என்னாகும்?

ஆனால் மருத்துவ அறிவியல் முறை பார்ப்பதில்லை. சாதாரணமாக அண்ணன் தம்பி மக்கள், அத்தை மாமன் மக்கள் ஆகியோரிடையே பொதுவான மரபுக்கூறு சராசரியாக எட்டில் ஒரு பங்கு. உடன்பிறந்தார் உடன்பிறந்தாரை மணந்த எங்களைப் போன்ற வீடுகளில் அது நான்கில் ஒரு பங்கு; அதாவது, மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் உள்ள அளவு. ஆகவே, இத்தகைய வீட்டின் முறைப்பெண்ணை முறை மாப்பிள்ளைக்குக் கொடுத்தால், பிறக்கும் குழந்தைக்குப் பரம்பரை நோய் வரும் வாய்ப்பு வழக்கமான மாமன் மகள் திருமணத்தைக் காட்டிலும் கூடுதலாகும். எங்கள் தங்கையை அத்தையின் மகனுக்குக் கொடுக்கும் பேச்சு எழுந்தபோது, குடும்பத்திற்கு வேண்டிய மருத்துவர் ஒருவர் தாளில் நான்கு வட்டங்கள் வரைந்து இதனை விளக்கினார். பேச்சு அத்துடன் நின்றது. இரட்டை வழி உறவை ஒழுங்காகப் பதிந்து வைப்பது பெருமைக்காக மட்டுமன்று என்பதை அன்று அறிந்தோம்.

இந்தக் கவலை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. சார்லஸ் டார்வின் 1839இல் மணந்த எம்மா வெட்ஜ்வுட் அவருக்கு மாமன் மகள். அதற்கு இரண்டாண்டு முன்னர் டார்வினின் தமக்கை கரோலின், எம்மாவின் அண்ணன் ஜோசையாவை மணந்திருந்தார். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், முறையான வீட்டில் பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள்! டார்வினின் மக்கள் பதின்மருள் மூவர் இளமையில் மறைந்தனர். உறவில் மணந்ததன் விளைவோ என்ற ஐயம் அவரை வருத்தியது. 1871ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் இதுபற்றி ஒரு கேள்வி சேர்க்க வேண்டுமென்று அவர் முயன்றார். இங்கிலாந்துப் பாராளுமன்றம் ஏற்கவில்லை. அவர் மகன் ஜார்ஜ் 1875இல் இப்பொருள் குறித்து ஆராய்ந்து கட்டுரை எழுதினார். கரோலினின் வழியிலோ இசைமேதை ரால்ஃப் வான் வில்லியம்ஸ் பேரனாகத் தோன்றினார். ஒரே வகை மணத்தின் வழியில் துயரமும் வந்தது, புகழும் வந்தது.

குருதிக் கணக்கை விடவும் கடினமான கணக்கு ஒன்று உண்டு. பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடுகளில் ஒரு பெண்ணின் கண்ணீர் மற்றொரு பெண்ணின் வீட்டுக்குள் வழியும். இராசத்தானத்திலும் அரியானாவிலும் இதனை ஆட்டா-சாட்டா என்பர்; பாகிஸ்தான் சிற்றூர்களில் வட்டா-சட்டா. அந்நாட்டு மணங்களை ஆராய்ந்து 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மாற்று மணத்தில் சென்ற பெண்கள் அடியுதைக்கு ஆளாவது குறைவு என்று கண்டது. காரணம் அன்பன்று, அச்சம்; நான் உன் தங்கையை அடித்தால் நீ என் தங்கையை அடிப்பாய் என்பது. அதே கயிறு மறுபுறமும் இழுக்கும்.

எங்கள் மாமா ஒருமுறை அத்தையிடம் கேளாமலே அவர் நகைகளை அடகு வைத்து வியாபாரத்தில் இழந்தார். 1968இல் அத்தை இரு குழந்தைகளுடன் தில்லிக்கு வந்துவிட்டார். ஏழாண்டுகள் எங்களுடன் இருந்தார். தந்தைவழிப் பாட்டி அப்போது எங்களுடன் இருந்தார். "என் பொண்ணு வாழாத வீட்டுக்கு நீங்க ரெண்டு பேரும் சீர் வாங்கப் போவீங்களா?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். அதன் பிறகு அம்மாவும் பெரியம்மாவும் தங்கள் பிறந்த வீட்டின் படியேறவில்லை; தம் தந்தையாரின் காரியத்திற்கு மட்டும் சென்று, முடிந்த மறுநாளே ரயிலேறினர். குற்றம் செய்தவர் மாமா. தண்டனை பெற்றவர் அவருடைய தங்கையர் இருவரும். 1975இல் பாட்டி காலமானபோது மாமா வந்தார்; பதினாறாம் நாள் அத்தையையும் பிள்ளைகளையும் அழைத்துச் சென்றார். என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை எங்களுக்குச் சொன்னவர் இல்லை.

மென்பொருளில் இதற்கு என்ன உண்டு? திருமணம் என்று ஒரு குறி. மணமுறிவு என்று ஒரு குறி. ஏழாண்டுப் பிரிவுக்கும் பிறகு முப்பதாண்டு வாழ்வுக்கும் குறி இல்லை. குறிப்பு எழுதும் இடம் ஒன்று உண்டு. எழுதலாமா கூடாதா என்று எங்களுக்குள் கருத்து வேற்றுமை எழுந்தது. பேரப்பிள்ளைகள் அறிய வேண்டாம் என்றனர் சிலர். இறுதியில் அத்தையிடமே தொலைபேசியில் கேட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எழுதுங்கப்பா. நான் ஏழு வருஷம் அங்கே போகலேன்னு எழுதுங்க. எனக்காக உங்க அம்மாவும் பெரியம்மாவும் போகலேன்னும் எழுதணும். அதை விட்டா, கஷ்டப்பட்டவ நான் ஒருத்திதான்னு ஆயிடும்."

அவ்வாறே எழுதினோம். எங்கள் அம்மா அப்போது உயிருடன் இல்லை. அம்மாவின் ஏட்டிலும், பெரியம்மாவின் ஏட்டிலும், அத்தையின் ஏட்டிலும் அந்த ஏழாண்டுகள் ஒரே வாசகத்தில் பதிந்துள்ளன.

இம்மலரைப் படிக்கும் குடும்பங்கள் பலவற்றிலும் இப்படி இருமுறை, மும்முறை பிணைந்த உறவுகள் இருக்கும். இளைஞர்கள் அவற்றைக் கணிப்பொறியில் ஏற்றும் காலம் இது. ஒருவருக்கு ஓர் ஏடே போதும். படம் அவரை இருமுறை காட்டினால் காட்டட்டும், மனம் கலங்க வேண்டா. பாட்டனார் பெயர் தாங்கியவர்களை ஒருவராக்கிவிடாதபடி தலைப்பெழுத்தையும் பிறந்த ஆண்டையும் தவறாமல் சேருங்கள். யார் யாரை எந்தச் சொல்லால் அழைத்தார் என்பதையும், அச்சொல் எந்த வீட்டில் வழங்கியது என்பதையும் குறிப்பில் தமிழிலேயே எழுதி வையுங்கள். பிறந்த நாளும் இறந்த நாளும் எந்தச் சான்றிதழிலும் கிடைக்கும். பெரியம்மாவா சித்தியா என்பதைச் சொல்லக்கூடியவர்கள் நம் வீடுகளில் இன்னும் சிலரே உள்ளனர். கொள்வினையும் கொடுப்பினையும் எவ்வாறு நடந்தன, அவற்றின் சுமையை யார் தாங்கினர் என்பதை அவர்களிடம் கேட்டு, அவர்கள் இசைவுடன் எழுதுவது நம் கடமை.